பாவித் தோட்டம்

பொட்டுக்கொடி விதையை ஓர் இரவு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போடாமல் நட்டால் பத்துக்கு மூன்றுதான் முளைக்கும். மேல் தோல் கெட்டி. நடுகிற இடத்தில் காலை வெயில் மட்டும் பட வேண்டும்; உச்சி வெயில் பட்டால் இலை பழுத்துவிடும். உங்கள் தம்பி கடிதத்துக்குள் மடித்து அனுப்பிய விதைகள் நாசரேத்தில் ஒன்றுகூட முளைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் ஊர் மண்ணின் மேல் குற்றமில்லை. ஊறப் போட வேண்டும் என்று அவரிடம் நான் சொல்லித்தான் கொடுத்தேன். அதை உங்களுக்கு எழுதாமல் விட்டிருப்பார். சொன்னதில் பாதியைத்தான் அவர் காதில் வாங்குவார்.

கிருபாராணி அம்மா, உங்கள் கடிதம் போன வாரம் வந்தது. நான்கு பக்கம். மூன்று பக்கம் எனக்கு நன்றி. 1955-ஆம் வருடம் வைகாசி மாதம் என் தோட்டத்தில் உங்கள் தம்பி டாக்டர் ஜெபராஜ் பாழுங்கிணற்றில் விழுந்து இறந்தபோது, நான் "கிணறு, கிணறு" என்று கத்தி அவரைத் தடுக்கப் பார்த்ததாக விசாரணைக் காகிதத்தில் இருக்கிறது என்றும், மூன்று வருடமாக இந்த நன்றியை எழுத நினைத்து இப்போதுதான் எழுத முடிந்தது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். கர்த்தர் என்னை ஆசீர்வதிப்பார் என்றும் இருக்கிறது. படித்தவர்கள் நன்றி எழுத உட்கார்ந்தால் சீக்கிரம் எழுந்திருக்க மாட்டார்கள்.

விஷயம் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. அதே காகிதத்தில், உங்கள் தம்பி "ஆமாம், கிணறுதான்" என்று பதில் சொல்லிக்கொண்டே நடந்து போய் விழுந்ததாகச் சாட்சிகள் சொல்லியிருக்கிறார்கள். காது கேட்கிறவன், கண் தெரிகிறவன், கிணறு என்று தெரிந்தே ஏன் நடந்தான் என்று கேட்கிறீர்கள். சாவதற்கு முந்தைய மாதங்களில் "அக்கா, என் கையால் ஒரு உயிர் போய்விட்டது" என்று அவர் உங்களுக்கு எழுதியிருக்கிறார். அவராகவே உயிரை விட்டிருந்தால், அவருக்காக ஜெபிக்கலாமா என்று குருவானவரைக் கேட்கவும் உங்களுக்குப் பயமாக இருக்கிறது. தூங்கி மூன்று வருடமாயிற்று என்று முடித்திருக்கிறீர்கள்.

உங்கள் தூக்கத்துக்காக நான் இதை எழுதவில்லை. உங்கள் தம்பி தன் சாவைத் தானே தேடிக்கொண்டார் என்று நீங்கள் நினைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவு திடம் அவருக்கு இருந்ததாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு சொல்லைத் திருத்தினால் உங்களுக்கே விளங்கிவிடும். நான் "கிணறு" என்று கத்தவில்லை. அவரும் "கிணறுதான்" என்று சொல்லவில்லை.

முதலிலிருந்தே சொல்கிறேன்.

ஓசூரிலிருந்து பாகலூர் போகிற வழியில் எனக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம். பத்துப் பன்னிரண்டு பலா, மா. அவற்றின் நிழலில் பூக்கொடி நாற்றுகளை விதையிலிருந்து வளர்த்து பெங்களூர் பங்களாக்காரர்களுக்குக் கொடுப்பது என் தொழில். சங்குப்பூ, மயில்மாணிக்கம், பொட்டுக்கொடி. மஞ்சள் பூவின் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு இருப்பதால் கடைசிக் கொடிக்கு அந்தப் பெயர். வெயில் குறைவான இடத்தில் கொடி ஏறாது, பூக்காது என்று சொல்லிக்கொண்டு வருவார்கள் பங்களாக்காரர்கள். புத்தகத்தில் படித்திருப்பார்கள். நான் பலா மரத்தடிக்குக் கூட்டிப் போய்க் காட்டுவேன். அப்புறம் அவர்களே அடுத்த பங்களாக்காரருக்கு உபதேசம் செய்வார்கள். நான் கிருஷ்ணகிரியில் எட்டாவது வரை படித்தவன். அதற்கு மேல் படித்தவர்களுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம்தான் கண்டேன்: தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவர்களுக்கு வராது.

எங்கள் பக்கத்தில் யாரும் ஒரு பாஷையோடு நிற்பதில்லை. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், தாலுகா கச்சேரியில் தமிழ். என் மனைவி சென்னம்மாவுக்கு கெலமங்கலம் பக்கம் பிறந்த வீடு. தெலுங்குதான் அவளுக்குப் பேச்சு. தமிழ் கேட்டால் முக்கால்வாசி புரியும். பேசப் போனால் பாதியில் தெலுங்குக்குத் திரும்பிவிடுவாள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் பிள்ளையில்லை.

உங்கள் தம்பி ஐம்பத்திரண்டில் இங்கே வந்தார். நாலு பேர் சேர்ந்து நடத்திய ஒரு சின்ன தர்ம வைத்தியசாலைக்கு டாக்டர். கெட்டவர் அல்ல. கெட்டவராக இருக்கவும் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். முதல் தடவை என் கை விரல் நகச்சுற்றுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்.

"என்னவே, உம்ம பேரு தீர்த்தகிரியா? நீரு பேசுத தமிழக் கேட்டா எங்க ஊருல சிரிச்சே செத்துருவாங்கவே. பாதி தெலுங்கு, பாதி கன்னடம், மிச்சத்துக்குத் தமிழுன்னு பேரு."

"நீங்களும் கொஞ்சம் கத்துக்குங்க சார். இங்க வர்ற சனத்துக்குத் தமிழ் வராது."

"எனக்கு எதுக்கு? நோய்க்கு ஏதுவே பாஷ? அதான் கம்பவுண்டர் இருக்கான்ல."

கம்பவுண்டர் முனிவேலுக்கு மூன்று பாஷையும் தெரியும். நோயாளி சொல்வதை அவன் தமிழில் சொல்வான். டாக்டர் மருந்து எழுதுவார். உங்கள் தம்பி மூன்று வருடம் ஓசூரில் இருந்தார். ஊர் பேசுவது அவருக்கு மழை பெய்கிற சத்தம் மாதிரி. முனிவேல் இல்லாத நாளில் அவர் என்ன செய்வார் என்று நான் நினைத்துப் பார்த்ததுண்டு.

ஐம்பத்திநாலு ஆவணியில் சென்னம்மாவுக்கு நாள் தள்ளிப்போனது உறுதியாயிற்று. அவள் யாரிடமும் சொல்லவில்லை. பாப்பம்மா என்று ஒருத்தி எங்கள் தோட்டத்தில் வேலை செய்வாள், வாயைக் கட்ட முடியாதவள். அவள் மட்டும் கண்டுபிடித்துவிட்டாள்.

"அக்கா புளியங்கா திங்கறத பாத்தா மரமே மொட்டையாயிடும்போல இருக்குது. அண்ணா, உங்க வித்து கெட்டித்தோலு. பதினோரு வருசம் ஊறணும்போல."

சென்னம்மா அவளை மண்கட்டியால் அடித்தாள். அன்று தோட்டத்தில் எல்லாரும் சிரித்தோம். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதற்குப் பின் பார்க்க நாள் இல்லை.

புரட்டாசியில் அவளுக்குத் தலைசுற்றல். உடம்புக்கு ஏதாவது தெம்பு மருந்து வாங்கலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை வைத்தியசாலைக்குப் போனாள். சந்தை நாள், கூட்டம். முனிவேல் அக்கா வீட்டுக் காரியத்துக்கு சூளகிரிக்குப் போயிருந்தான். டாக்டர் தனியாக இருந்தார்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். தெலுங்கில் வயிற்றுக்கு "கடுப்பு" என்பார்கள். கர்ப்பமாக இருப்பதையும் அந்தச் சொல்லை வைத்துத்தான் சொல்வார்கள். கூச்சமுள்ள பெண்ணாக இருந்தால் அந்த ஒரு சொல்லோடு வயிற்றில் கையை வைத்து நிறுத்திக்கொள்வாள். கேட்கிறவர்கள் புரிந்துகொண்டு சந்தோஷப்படுவார்கள். தமிழில் கடுப்பு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் தம்பிக்கும் அதுதான் தெரியும். வயிற்றை முழுக்கக் கழுவிவிடுகிற கலவை ஒன்றை மூன்று வேளைக்குக் கொடுத்தார். பாட்டிலில் ஒட்டிய சீட்டில் அழகான கையெழுத்தில் "வயிற்றுக் கடுப்பு" என்று இருந்தது. இரண்டு வேளை குடித்தாள். சனிக்கிழமை மத்தியானம் ரத்தப்போக்கு ஆரம்பித்தது. ஞாயிறு பிள்ளை போயிற்று. திங்கள் அவளும் போனாள்.

ஊரில் கர்ப்பம் கலைந்து போனாள் என்று பேசிக்கொண்டார்கள். அப்படிப் பெண்கள் சாவது எங்கள் பக்கம் புதிதல்ல. புகார் எழுது என்று ஓரிருவர் சொன்னார்கள். யாருக்கு எழுதுவது? அந்த வருடம் பெரிய மனிதர்கள் எல்லாரும் ஓசூர் மைசூருக்குப் போகுமா, இங்கேயே இருக்குமா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் என்று விளக்கிக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நிற்க எனக்கு விருப்பமில்லை. நான் பாட்டிலைக் கழுவி விதை போட்டு வைத்துக்கொண்டேன்.

பதினாறு முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் தம்பி தோட்டத்துக்கு வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றார்.

"தீர்த்தகிரி, உம்ம வீட்டுக்காரம்மாவ... நான் பாத்தேன்லா, அன்னைக்கு..."

"பாத்தீங்க சார்."

"ரொம்ப வருத்தமா இருக்குவே."

"உள்ள வாங்க. பூ பாருங்க."

அதற்குப் பின் ஞாயிறுதோறும் வந்தார். நாற்றுப் பாத்திகளுக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்காருவார். எந்த விதை எத்தனை நாளில் முளைக்கும் என்று கேட்பார். அந்த விதைகளில்தான் கொஞ்சம் உங்களுக்கு வந்தது. பேச்சின் நடுவில் மூன்று நான்கு தடவை "தீர்த்தகிரி, உம்மகிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் நான் ஒரு நாற்றைக் காட்டி வேறு பேச்சு எடுத்தேன். அவர் என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரியும். முனிவேல் ஊரிலிருந்து திரும்பியதும் அவனிடம் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறார். அவனே என்னிடம் சொன்னான். மனதில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டுப் போய்த் தூங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. இறக்கி வைக்க என் தோட்டம்தானா கிடைத்தது?

மார்கழியில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். தெலுங்கு கற்றுக்கொள்கிறாராம். இலைக்கு என்ன, வேருக்கு என்ன, நிழலுக்கு என்ன என்று கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார். ஆக்கு, வேரு, நீட. தண்ணீருக்கு நீள்ளு. எல்லாவற்றையும் சரியாகவே சொல்லிக் கொடுத்தேன். வந்து இரண்டு வருடம் கழித்து, ஒரு பெண்ணைக் கொன்ற பிறகு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி பென்சிலை நாக்கில் தொட்டு எழுதுகிறவரைப் பார்த்தால் உங்களுக்குப் பரிதாபம் வரும். எனக்கு வரவில்லை.

அன்றைக்குத்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஏம்வே, ஊருல யாரக் கேட்டாலும் உம்ம தோட்டத்தப் பாவித் தோட்டம் பாவித் தோட்டம்ங்கானுவளே, எதுக்கு?"

தெலுங்கில் பாவி என்றால் கிணறு. கன்னடத்திலும் அதுவே. என் தோட்டத்தின் கோடியில், பெரிய பலாவுக்குப் பின்னால், என் தாத்தா காலத்துக் கிணறு ஒன்று இருந்தது. நாற்பதடி. வற்றிப் பத்து வருடமாயிற்று, அடியில் பாறை. நாங்கள் புதுக் கிணறு வெட்டி வாசல் பக்கம் வந்துவிட்டோம். பழைய கிணற்றை முள்வேலி போட்டு விட்டுவைத்திருந்தோம். ஊருக்கு அதுதான் அடையாளம். உங்கள் தம்பி முன்பக்கத்தைத் தாண்டி வந்ததில்லை. அவருக்கு அது இருப்பதே தெரியாது.

நான் அரை நிமிஷம் யோசித்தேன். பிறகு சொன்னேன்: "என் தாத்தா பொல்லாதவரு சார். ரெண்டு கொலை பண்ணாராம். அதனால அந்தப் பேரு."

"அட கர்த்தாவே" என்றார். நோட்டுப் புத்தகத்தை மூடிப் பையில் வைத்தார். கற்றுக்கொள்ள வேண்டிய சொல் என்று அவருக்குத் தோன்றவில்லை, தமிழ்ச் சொல்தானே. நானும் திறக்கச் சொல்லவில்லை.

மார்கழிக் குளிரில் பொட்டுக்கொடி முளைக்காது. மாசி வரை பொறுத்தேன். காய் பார்க்கச் சின்னக் குருவித் தலை மாதிரி, மூக்கோடு இருக்கும். முற்றினால் வெடித்து விதை தெறிக்கும். அதனால் முன்னதாகவே துணிப்பை கட்டி எடுத்து வைத்திருந்தேன். நாற்பது விதை ஊறப் போட்டேன். இலைமக்கும் மணலும் கலந்து தொட்டிகளில் நட்டேன். முப்பத்திநான்கு வந்தது.

முள்வேலியைப் பிரித்தேன். கிணற்றின் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான், அதுவும் இடிந்தது. அந்தக் கற்களை எடுத்துப் பாத்திகளுக்கு விளிம்பு கட்டினேன். மூங்கிலைக் கீற்றாகப் பிளந்து ஒரு தட்டி பின்னிக் கிணற்று வாயின் மேல் தரை மட்டத்தில் பரப்பினேன். ஆடு தாங்கும். ஆள் தாங்காது. சுற்றிலும் நாற்றுகளை நட்டு, கொடி நுனிகளை ஒவ்வொரு வாரமும் தட்டியின் நடுவை நோக்கித் திருப்பிவிட்டேன். நிழலில் வளர்ந்த கொடிக்கு இலை பெரிதாக இருக்கும். கீழே என்ன இருக்கிறது என்று காட்டாது.

பாப்பம்மாவும், பாத்தி வெட்டுகிற நாராயணப்பனும் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். மறைத்துச் செய்யவில்லை.

"ஏண்ணா, பாவிமேல பந்தல் போட்டுட்டீங்க? கல்யாணம் ஆருக்கு, தவளைக்கா?" என்றாள் பாப்பம்மா.

"ஆடு வுழுந்துடும்னுதான்."

"வுழுந்தா நமக்குக் கறி ஆச்சு" என்றான் நாராயணப்பன். "வேலியே நல்லா இருந்தது. ஆராவது மனுசன் வுழுந்தான்னா?"

"இந்த ஊருல பாவி எங்கன்னு தெரியாத மனுசன் ஆரு இருக்கான்?"

அவன் யோசித்துவிட்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினான். மனிதர்களைப் பற்றி நான் நினைப்பது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

சித்திரைக் கோடை மழை இரண்டு பெய்தது. வைகாசி முதல் வாரம் தட்டி முழுக்க மஞ்சள். நான் வளர்த்த பொட்டுக்கொடிகளில் அவ்வளவு அடர்த்தியாக எதுவும் வந்ததில்லை. தொழில்காரன் என்ற முறையில் சொல்கிறேன்.

அந்த ஞாயிறு நாலு மணி இருக்கும். உங்கள் தம்பி வந்தார். பாப்பம்மாவும் நாராயணப்பனும் முன்பக்கம் நாற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பலாவுக்குப் பின்னால், கிணற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். அவரைக் கூப்பிட்டேன். "சார், பொட்டுக்கொடி பூத்திருக்குது. வந்து பாருங்க."

அவர் மரத்தைச் சுற்றி வந்தார். பூவைப் பார்த்து நின்றுவிட்டார். எனக்கும் அவருக்கும் நடுவில் அந்த மஞ்சள்தான். கிணற்று விளிம்புக்கு அவருக்கு இன்னும் பத்து எட்டு. நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, முன்பக்கம் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி கத்தினேன்.

"பாவி. பாவி. பாவி."

என் கணக்கு இது. வேலைக்காரர்கள் காதில் அது கிணறு. அவர் காதில் அது வசவு. படித்தவன், டாக்டர், ஒரு நாற்றுக்காரன் வாயால் வசவு கேட்டால் கோபம் வரும். கோபம் வந்தவன் நேராக வருவான். சுற்றி வர மாட்டான்.

அந்த இடத்தில் என் கணிப்பு தவறிவிட்டது. ஒப்புக்கொள்கிறேன். அவருக்குக் கோபம் வரவில்லை. முகம் ஒரு மாதிரி தளர்ந்தது. பாரம் இறக்கினவன் முகம் மாதிரி. தொப்பியைக் கீழே போட்டார்.

"ஆமாவே, பாவிதான்" என்றார். அதைத்தான் பாப்பம்மா கேட்டாள். அடுத்ததை மெதுவாகச் சொன்னார், எனக்கு மட்டும் கேட்டது. "உமக்குத் தெரிஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியும். நீரு ஒரு வார்த்த திட்ட மாட்டீரான்னுதான் வாரவாரம் வந்தேன்." இரண்டு கையையும் கூப்பியபடி என்னை நோக்கி நடந்தார். கண்ணில் தண்ணீர் இருந்ததால் பூவைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். என் காலில் விழ வந்தார் என்று நினைக்கிறேன்.

அவர் பத்து எட்டு நடக்கிற நேரம் எனக்கு இருந்தது. "கிணறு" என்று ஒரு தமிழ்ச் சொல். அது எனக்குத் தெரியாத சொல்லா? சொல்லவில்லை. கோபமாக வந்தாலும் கும்பிட்டுக்கொண்டு வந்தாலும் தட்டிக்குத் தெரியப் போவதில்லை.

உடனே உயிர் போய்விட்டது என்று ரிப்போர்ட்டில் இருக்கும். அது முழுக்கச் சரியல்ல. அதை விட்டுவிடுகிறேன். கயிறு கொட்டகையில் இருந்தது. கொட்டகைச் சாவி என் இடுப்பில் இருந்தது. நான் சாவியைத் தேடினேன்.

மறுநாள் மணியக்காரரும் போலீஸும் பஞ்சாயத்தாரும் வந்தார்கள். பாப்பம்மா மாரில் அடித்துக்கொண்டு சொன்னாள்: "எங்க அண்ணா பாவி பாவின்னு மூணு தரம் கத்துனாரு சாமி, தொண்ட கிழிய. அந்த மனுசன் ஆமா பாவிதான்னு சொல்லிக்கிட்டே போயி வுழுந்தாரு. ஏனோ, பாவம், போற நேரம்." அங்கே இருந்த ஒருவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. எல்லாரும் இந்த ஊர்க்காரர்கள். மணியக்காரர் நல்ல தமிழில் எழுத வேண்டும் என்று பாவி என்று வந்த இடத்திலெல்லாம் கிணறு என்று எழுதினார். எழுதி முடித்து, என் தோளைத் தட்டி, "உன்னால ஆனத நீ செஞ்சே, தீர்த்தகிரி" என்றார். இப்படிப்பட்டவர்கள் விசாரிக்கிற ஊரில் எதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆகவே அம்மா, உங்கள் தம்பி தற்கொலை செய்துகொள்ளவில்லை. தாராளமாக ஜெபியுங்கள். அவரை நான் கொன்றேன். மூன்று மாதம் தண்ணீர் விட்டு வளர்த்துக் கொன்றேன். இந்தக் கடிதத்தை நீங்கள் எந்தக் கச்சேரியில் காட்டினாலும் இது என் கையெழுத்துதான் என்று சொல்வேன்.

எழுத வந்ததால் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அதனால் எதுவும் மாறப் போவதில்லை.

அந்தப் புரட்டாசி வெள்ளிக்கிழமை நானும் வைத்தியசாலைக்குப் போயிருந்தேன். சென்னம்மா படியில் நின்று, "நீங்களும் உள்ள வாங்க, அந்தாளு பேச்சு எனக்கு வெளங்காது" என்றாள். "நீ போ. சம்பளம் வாங்கறான் இல்ல, புரிஞ்சுக்கட்டும்" என்றேன். ஜன்னலுக்கு வெளியே திண்டில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பேசுவது நன்றாகக் கேட்டது.

"என்னம்மா செய்யுது?"

"கடுப்பு சாமி."

"கடுப்பா? எத்தன நாளா?"

"மூணு மாசம்."

"மூணு மாசமாவா? இத்தன நாளு என்னம்மா பண்ணுனீய? செத்துல்லா போயிருவீய."

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் வராமல் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். என் தமிழைக் கேட்டுச் சிரித்தவர் ஆயிற்றே. சாயங்காலம் சந்தையில் நாராயணப்பனிடம் சொல்ல நல்ல கதை என்று நினைத்துக்கொண்டேன். எழுந்து ஜன்னலில் தலையை நீட்டியிருந்தால் ஒரு சொல்லில் முடிந்திருக்கும். அது என் வேலையல்ல; அவர் வேலை.

பாட்டிலை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். சீட்டையும் படித்தேன். ராத்திரி சென்னம்மா, "கசக்குது, இது பிள்ளைக்கு நல்லதுதானா?" என்று கேட்டாள். டாக்டர் கொடுத்தது, குடி என்றேன். கலர் தண்ணீர், ஒன்றும் செய்யாது என்று நினைத்திருந்தேன். எந்த மருந்து என்ன செய்யும் என்று தெரிந்துவைத்திருக்க வேண்டியவர் உங்கள் தம்பி.

ஒரே ஒரு பாஷையோடு பிழைக்க வந்த ஒருவரால் என் வீட்டில் இரண்டு உயிர் போயிற்று, அம்மா. எனக்கு இரண்டு பாஷையும் நன்றாகத் தெரியும்.